ஆஸ்பத்திரிக்கு உடுத்திய வேட்டி

ஏழு இருபதுக்குப் பால் வண்டி போனது. அதன் ஹாரன் கேட்டபோது முருகம்மாள் மிளகாய்ப் புஞ்சையின் வரப்பில், கையில் தூக்குவாளியுடன் நின்றிருந்தாள். செடிகளுக்கு நடுவே ஆள் தெரியவில்லை. முதுகில் மாட்டி மருந்தடிக்கிற டேங்க் வரப்போரம் சாய்ந்து கிடந்தது. அதற்குப் பத்தடி தள்ளி, உடைமரத்தடியில், அவள் புருஷன் பூமிநாதன் ஒருக்களித்துப் படுத்திருந்தார்.

தூங்குகிறார் என்றுதான் நினைத்தாள். கிட்டே போனாள். வாயில் நுரை. சட்டை தெப்பமாக நனைந்திருந்தது. வேர்வையா மருந்தா என்று தெரியவில்லை. கூப்பிட்டதற்கு ஒரு முனகல் வந்தது. தலைமாட்டில் பூச்சிமருந்துப் பாட்டில் நின்றது. மூடி இறுக்கி மூடியிருந்தது.

பாட்டிலைத் தூக்கிப் பார்த்தாள். பாதி இல்லை.

நேற்றுச் சாயங்காலம் வாங்கியது. சீல் உடைக்காமல் கூரை இறவாரத்தில் செருகி வைத்ததே அவள்தான். ஒரு பாட்டில் எட்டு டேங்குக்கு வரும் என்று கடைக்காரர் சொன்னபோது பக்கத்தில் நின்றிருந்தாள். பாதி என்றால் நாலு டேங்க். விடிந்து புஞ்சைக்கு வந்தவர் பால் வண்டி போவதற்குள் நாலு டேங்க் அடிக்க முடியுமா? தண்ணீர் வேறு ஊருணியிலிருந்து சுமக்க வேண்டும். இளவட்டம் ஓடி ஓடி அடித்தால் முடியும். அவருக்கு ஐம்பத்து நாலு வயது.

அந்தக் கணக்கு அப்போது தொடங்கியது. பிறகு நிற்கவில்லை.

அவள் போட்ட சத்தத்துக்கு அடுத்த புஞ்சையிலிருந்து செல்லச்சாமி ஓடி வந்தான். பூமிநாதனுக்குப் பங்காளி முறை. லோடு ஆட்டோ வைத்திருப்பவன். கீழே கிடந்தவரைப் பார்த்தான், பாட்டிலைப் பார்த்தான், கடைசியாக அவளைப் பார்த்தான். அந்தக் கடைசிப் பார்வையை முருகம்மாள் பார்த்துவிட்டாள்.  இருவருமாகத் தூக்கி வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

வண்டியைத் திருப்பி நிறுத்த அவனுக்கு ஐந்து நிமிடம் ஆனது. அந்த ஐந்து நிமிடத்தில் அவள் அவரை ஆஸ்பத்திரிக்குத் தயார் செய்தாள்.

அழுக்கோடு ஆஸ்பத்திரிக்குப் போகிற வழக்கம் அவர்கள் வீட்டில் இல்லை. காய்ச்சல் என்றாலும் பூமிநாதன் குளித்து, வெளுத்த வேட்டி கட்டி, திருநீறு பூசித்தான் டாக்டரைப் பார்க்கப் போவார். ஒருமுறை கையில் வெட்டுக்காயத்தோடு சேற்றுக்காலாக ஒரு டாக்டர் வீட்டுக்குப் போய், வாசலிலேயே நிற்கச் சொன்னதிலிருந்து அப்படி. முருகம்மாள் அவர் சட்டையைக் கழற்றினாள். துண்டால் மேலைத் துடைத்தாள். மருந்து வாடை போகவில்லை. மகள் மதுமதியின் சந்தனப் பவுடர் டப்பாவை எடுத்து நெஞ்சிலும் கழுத்திலும் முதுகிலும் கொட்டித் தடவினாள். இஸ்திரிச் சட்டை மாட்டினாள். கீழே நனைந்த டவுசர் இருந்தது. செல்லச்சாமி வாசலில் நிற்கையில் அதை உருவ அவளுக்குக் கூச்சமாக இருந்தது. அதற்கு மேலேயே பெட்டியில் இருந்த வெள்ளை வேட்டியைச் சுற்றினாள். நெற்றியில் திருநீறு வைத்தாள்.

கழற்றிய சட்டையையும், புஞ்சையிலிருந்து கையோடு எடுத்துவந்த பாட்டிலையும் ஒயர் கூடையில் போட்டு மேலே துண்டை மூடினாள். வழியில் கண்மாயில் எறிந்துவிடலாம் என்று செல்லச்சாமி சொன்னான்.

வண்டியின் பின்பக்கத்தில் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முன்னாலிருந்து கம்பி வழியாகச் செல்லச்சாமி பேசிக்கொண்டே வந்தான். அவன் தம்பியின் கதை அவளுக்குத் தெரியாததல்ல. மூன்று வருஷத்துக்கு முன், மருந்து குடித்துக் கிடந்தவனை இப்படித்தான் எங்கோ ஓர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். அங்கே அத்தனை சனத்துக்கு முன்னால், பொண்டாட்டி என்ன செய்தாள் என்று கேட்டார்களாம். போலீஸ் வந்தது. பேப்பரில் வந்தது. தம்பி பிழைக்கவில்லை. தம்பி பொண்டாட்டி பதினாறாம் நாள் பிறந்த வீட்டுக்குப் போனவள், இன்றுவரை இந்த ஊர் மண்ணை மிதிக்கவில்லை.

"மதினி, மருந்துன்னு மட்டும் வாயத் தொறந்துறாதீக. ராத்திரி தின்ன மீனு சேரலன்னு சொல்லுங்க. தையில மதுமதி கல்யாணம் இருக்கு. திருப்புல்லாணி மாப்ள வீட்டுக்காரங்க காதுக்கு இது போச்சுன்னா என்ன ஆகும்னு நாஞ் சொல்ல வேணாம்."

கண்மாய் வந்தது. பேச்சு மும்முரத்தில் அவன் வண்டியை நிறுத்தவில்லை. அவளும் நிறுத்தச் சொல்லவில்லை.

அவள் நினைத்துக்கொண்டிருந்தது கல்யாணத்தை அல்ல. நேற்றுச் சாப்பாட்டு நேரத்தை. ஊரெல்லாம் மருந்தடித்துவிட்டார்கள், அவர்கள் புஞ்சை மட்டும் இலை சுருண்டு கிடந்தது. நாளைக்கு, நாளைக்கு என்று அவர் பத்து நாளைத் தள்ளியிருந்தார். அவளே கடைக்குக் கூட்டிப் போய்ப் பாட்டில் வாங்க வேண்டியதாயிற்று. சோற்றைப் போட்டுவிட்டுச் சொன்னாள்: நீங்க இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்.  அவர் சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவிக் கவிழ்த்தினார். என்றைக்கும் கழுவாதவர்.

அந்தப் பேச்சுக்கு ரோஷப்பட்டு மருந்தடிக்கப் போயிருக்கலாம். அந்தப் பேச்சுக்கே வேறெதையாவது செய்திருக்கலாம். மடியில் அவர் உதடு வெட்டி வெட்டி இழுத்தது. எச்சில் அவள் சேலையை நனைத்தது.

ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் அவரைக் கட்டிலில் போட்டார்கள். சட்டையைக் கத்தரித்தார்கள். பவுடர் மணம் அறை முழுக்க எழுந்தது. டாக்டர் ஒரு சின்னப் பெண். தலையில் முக்காடு, கழுத்துப் பட்டையில் சுஹா என்று பெயர். மதுமதியைவிட இரண்டு வயது கூட இருக்கலாம். டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தார், நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார், நர்சிடம் ஏதோ ஊசி பெயர் சொன்னார். தலையைத் திருப்பாமலே கேட்டார்.

"என்ன குடிச்சாரு?"

அறையில் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். எல்லாரும் திரும்பிப் பார்ப்பதுபோல முருகம்மாளுக்கு இருந்தது. மீன் சேரவில்லை என்றாள். குரல் அவளுடையதாக இல்லை.

"மீனு தின்னா கண்ணுமணி இப்பிடி ஊசிமுனையாப் போகாதும்மா. என்ன மருந்து? எத்தன மணிக்கு?"

செல்லச்சாமி முன்னால் வந்து, மீன்தான் டாக்டர், விளமீன், நானே பார்த்தேன் என்றான். எந்தக் கடையில் வாங்கினது என்றுகூடச் சொன்னான். டாக்டர் மூன்றாம் தடவை கேட்டபோது சத்தமாகவே கேட்டார். உண்மையைச் சொல்லாவிட்டால் ஆளைக் காப்பாற்ற முடியாது என்றார். முருகம்மாள் ஒயர் கூடையைக் காலால் பெஞ்சுக்கடியில் தள்ளினாள். மீன், என்றாள்.

அடுத்த கட்டிலில் ஒரு மீன்பிடிக்காரர் வென்னீர் வாளிக்குள் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாம்பன்காரர், பெயர் காஜா நவாஸ். அவரிடமும் நர்ஸ் அதையே கேட்டார். என்ன, எப்போது.

"திருக்கை. வால் முள்ளு. அஞ்சே முக்காலுக்கு, வலைய ஒதறும்போது. சின்னதுதான் சிஸ்டர். ஆனா ஒங்கள மாதிரியே ஊசி போடத் தெரிஞ்சிருக்கு."

நர்ஸ் சிரித்துக்கொண்டே எழுதினார். முருகம்மாள் அந்த ஆளையே பார்த்தாள். தன்னைக் குத்தியது எது, எத்தனை மணிக்கு என்று இவ்வளவு லேசாகச் சொல்ல முடிகிறது. அவர் காலுக்கு என்ன செய்ய வேண்டும் என்பதும் அந்த நொடியே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

பூமிநாதன் பக்கத்திலிருந்த கருவி வேறு மாதிரிக் கத்தத் தொடங்கியது. நெஞ்சுக்குள் தண்ணீர் கொதிப்பதுபோல ஒரு சத்தம் வந்தது. தொடைச் சதை வேட்டிக்கு அடியில் தானாகத் துடித்தது. வாயில் குழாயை விட்டு உறிஞ்சினார்கள். ஊசி போட்டார்கள். ஐந்து நிமிடம் கழித்து மறுபடியும் போட்டார்கள். போட்டது கேட்கவில்லை என்று நர்ஸ் சொன்னது முருகம்மாள் காதில் விழுந்தது.  அவள் சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள்.

டாக்டர் அவளைப் பார்த்தார். கூடையைப் பார்க்கவில்லை, அவள் கையைப் பார்த்தார். கை, முந்தானை நுனியைக் கயிறு திரிப்பதுபோலத் திரித்துக்கொண்டிருந்தது. டாக்டர் செல்லச்சாமியிடம் ஒரு சீட்டைக் கொடுத்து, மாடியில் போய் இரத்தம் கொடுக்கிற இடத்தில் காட்டச் சொன்னார். அவன் போனதும் திரையை இழுத்து மூடினார். முகக்கவசத்தை இறக்கினார். அப்புறம் தரையில், முருகம்மாளுக்கு எதிரே குத்தவைத்து உட்கார்ந்தார்.

"அக்கா, நாங் கத்துனது தப்பு. அவுக பேரு என்ன?"

பூமிநாதன் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. புருஷன் பெயரைச் சொல்லிப் பழக்கமில்லை. டாக்டர் காத்திருந்தார். கருவி கத்திக்கொண்டிருந்தது. அப்படியும் காத்திருந்தார். அவள் சொன்னாள்.

பிறகு டாக்டர் மெதுவாக, ஆனால் நிறுத்தாமல் சொன்னார். மருந்து என்பது கண்ணைப் பார்த்தே தனக்குத் தெரிந்துவிட்டது. அதற்கு மாற்று ஊசியும் போட்டாயிற்று. ஆனால் எந்த மருந்து என்று தெரிந்தால் அடுத்து என்ன என்பது தெரியும். குடித்திருந்தால் வயிற்றைக் கழுவ வேண்டும். மேலே பட்டிருந்தால் மேலைக் கழுவ வேண்டும். கழுவுகிறவரை தோல் உறிஞ்சிக்கொண்டேதான் இருக்கும். அது தெரியாமல் ஊசி போடுவது ஓட்டை வாளியில் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி இருக்கிறது.

"போலீசு வருமா?" என்று முருகம்மாள் கேட்டாள்.



"வரும். அத மறைக்க என்னால ஏலாது, ஒங்ககிட்டப் பொய்யும் சொல்லமாட்டேன். ஆனா நான் என்ன எழுதுறேனோ அத முதல்ல ஒங்களுக்கு வாசிச்சுக் காட்டுவேன். அவுக கேக்கும்போது பக்கத்துல நிப்பேன். யாரு என்ன சொன்னா, யாருக்கும் யாருக்கும் சண்டைன்னு நாங் கேக்கவே மாட்டேன்."

முருகம்மாள் பெஞ்சுக்கடியில் கையை விட்டுக் கூடையை இழுத்தாள். துண்டை எடுத்தாள். பாட்டிலை நீட்டினாள். டாக்டர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

டாக்டர் பாட்டிலில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்து, மருந்தின் பெயரைத் திரைக்கு அந்தப் பக்கம் சொன்னார். அப்புறம் கேட்டார்: குடித்தாரா, மேலே பட்டதா?

அது ஒன்றுதான் அவளுக்குத் தெரியாதது. தெரியாது என்று சொன்னால் நம்புவார்களா என்பதும் தெரியாது. விளக்கு வைக்கும்போது பாட்டில் முழுசாக இருந்ததைச் சொன்னாள். ஆறு மணிக்குப் போனதைச் சொன்னாள். பால் வண்டியைச் சொன்னாள். எட்டு டேங்கையும் நாலு டேங்கையும் சொன்னாள். தண்ணீர் சுமக்கிற தூரத்தைச் சொன்னாள். கேட்கமாட்டேன் என்ற அந்த மனுஷியிடம் நேற்றுத் தான் சொன்னதையும் சொன்னாள். அதைச் சொன்னபோது அழுகை வரவில்லை. பல் கிட்டித்துக்கொண்டது.

"அப்பத் தெரியாதுன்னே வச்சுக்குவோம். ரெண்டுக்கும் பாக்குறேன்," என்று டாக்டர் எழுந்தார். பாதி எழுந்தவர் நின்றார். "இந்த வேட்டி எப்பக் கட்டுனது?"

முருகம்மாளுக்கு அப்போதுதான் உறைத்தது. புறப்படும்போது கட்டியது என்றாள். அடியில் டவுசர் இருக்கிறது, நனைந்தது, என்றாள். டேங்க் ஒழுகும், என்றாள். முதுகு வழியாக ஒழுகி டவுசரில்தான் இறங்கும்.

வேட்டியை உருவினார்கள். கத்தரி டவுசரைக் கிழித்தபோது எழுந்த வாடையில் நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இடுப்பிலிருந்து முழங்கால்வரை தோல் ஊறிப்போயிருந்தது. அதன் மேல்தான் அவள் பெட்டியிலிருந்து எடுத்த வெள்ளை வேட்டியை இழுத்து இறுக்கிச் சுற்றியிருந்தாள். முதுகில் பவுடர் மாவாகப் பிசைந்திருந்தது. கையுறை போட்டுக்கொண்டு சோப்பும் தண்ணீருமாக ஊற்றினார்கள். தண்ணீர் கட்டிலுக்கடியில் வெள்ளையாக ஓடி, திரைக்கு வெளியே போய், காஜா நவாஸின் வாளியைச் சுற்றித் தேங்கியது. அவர் வாளியை நகர்த்திக்கொண்டார்.

மூக்கு வழியாகவும் குழாய் இறக்கினார்கள். அதில் என்ன வந்தது என்று முருகம்மாள் கேட்கவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

செல்லச்சாமி திரும்பி வந்தபோது கூடை பெஞ்சின் மேல் திறந்து கிடந்தது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு, கெடுத்துட்டீகளே மதினி, என்றான். வண்டியைப் பார்த்துவிட்டு வாரேன் என்று வெளியே போனான். மத்தியானம் பன்னும் டீயும் வாங்கிக்கொண்டுதான் வந்தான்.

போலீஸ்காரர் பதினோரு மணிக்கு வந்தார். டாக்டர் சொன்னபடி முதலில் வாசித்துக் காட்டினார்: மிளகாய்க்கு மருந்து அடிக்கப் போன இடத்தில் விழுந்து கிடந்தார், உடம்பிலும் உடையிலும் மருந்து பட்டிருந்தது, குடித்தாரா என்பது தெரியவில்லை. கடைசி வரி இல்லாமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்று முருகம்மாள் நினைத்தாள். கேட்கவில்லை. போலீஸ்காரர் நாலு கேள்வி கேட்டார். டாக்டர் கைகட்டிப் பக்கத்தில் நின்றார்.

அன்று சாயங்காலம் அவருக்கு மூச்சு மெஷின் வைத்தார்கள். மதுமதி ராமேஸ்வரத்தில் ஒரு லாட்ஜில் வரவேற்பில் வேலை பார்த்தாள். பஸ் பிடித்து வந்து சேர்ந்தவள், அப்பாவுக்கு என்ன ஆச்சு என்று கேட்டாள். மருந்தடிக்கும்போது மேலே பட்டுவிட்டது என்று முருகம்மாள் சொன்னாள். மகள் அதை நம்பினாள். நம்பியதே அவளுக்குப் பயமாக இருந்தது.

தினமும் காலை பத்துக்கும் மாலை ஐந்துக்கும் வந்து சொல்கிறேன் என்று சுஹா டாக்டர் சொல்லியிருந்தார். வந்தார். இரண்டாம் நாள் காலையில், நேற்றைவிட மோசம் என்றார். அதையும் தரையில் குத்தவைத்துத்தான் சொன்னார். மூன்றாம் நாள் அப்படியே இருக்கிறது என்றார். மற்ற நேரமெல்லாம் முருகம்மாள் வராந்தாவில் பாயில் கிடந்தாள். கண்ணை மூடினால் புஞ்சை வந்தது. ஒரு டேங்க் தண்ணீருக்கு ஊருணிக்குப் போக எத்தனை தப்படி, திரும்ப எத்தனை தப்படி. இறங்கி மொள்ள எவ்வளவு நேரம். ஒருதடவை நாலு டேங்க் வந்தது. மறுதடவை இரண்டைத் தாண்டவில்லை. மூடியை நினைத்தாள். குடிக்கிறவர் மூடியை இறுக்கி மூடி வைப்பாரா? ஆனால் அவர் எதையும் மூடாமல் வைக்கிறவர் இல்லை.

அவர் கண் திறக்க வேண்டும் என்று ராமநாதசாமிக்கு நேர்ந்துகொண்டாள். திறந்த பிறகு வாய் திறக்க வேண்டாம் என்று நினைத்தாள். நினைத்ததற்காகக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் காலை பத்துக்குக் குழாயை எடுத்துவிட்டதாக டாக்டர் வந்து சொன்னார். கண் திறந்திருக்கிறார், தண்ணீர் கேட்டார். தொண்டை புண்ணாக இருக்கும், பேச்சு கரகரவென்றுதான் வரும். அவரைப் பேசவைக்க இன்னும் இரண்டு நாள் பொறுக்கலாம், பொறுக்காமலும் இருக்கலாம். அது உங்கள் இஷ்டம். மனசுக்காக ஒரு டாக்டர் இங்கே இருக்கிறார், எப்படியும் அவரும் வந்து ஐயாவைப் பார்ப்பார். இவ்வளவும் சொல்லிவிட்டு, உள்ளே கூட வரட்டுமா, வெளியே நிற்கட்டுமா என்று கேட்டார். வரச் சொன்னாள்.

மதுமதியைத் தண்ணீர் பாட்டில் வாங்க அனுப்பிவிட்டு உள்ளே போனாள்.

பூமிநாதன் ஆஸ்பத்திரிப் பச்சைத் துணியில் கிடந்தார். தாடி வெள்ளையாக முளைத்திருந்தது. கை இரண்டும் கட்டிலோடு துணியால் கட்டியிருந்த தடம் மணிக்கட்டில் தெரிந்தது. அவளைப் பார்த்தார். கண்ணை எடுக்கவில்லை. அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று முப்பது வருஷம் கூட இருந்தவளுக்குப் பிடிபடவில்லை. கோபம் இல்லை. அவ்வளவுதான் தெரிந்தது.

வேறென்னவோ கேட்கத்தான் நினைத்து வந்தாள். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கம்பி சில்லென்று இருந்தது. டாக்டர் கால்மாட்டில் நின்றார். பூமிநாதனின் உதடு பிரிந்தது, ஒட்டியது. அவர் தானாக ஏதாவது சொல்வதற்கு முன் கேட்டுவிட வேண்டும் என்று அவளுக்குப் பட்டது. குனிந்தாள். யாருக்கும் கேட்கக் கூடாது என்பதுபோல, காதோரம், செடியைப் பற்றி விசாரிக்கிற குரலில் கேட்டாள்.

"ஏங்க, அன்னைக்கு எத்தன டேங்க் அடிச்சீக?"